டயாலிசிஸ் வியாதியஸ்தரின் கையைக் காப்போம்



உங்கள் காணிக்கைகளாலும் ஜெபங்களாலும் எங்கள் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு தடையின்றி நடந்து வருகிறது. இந்தப் பிரிவைப் பார்க்க வரும் சபையார் முதலாவது இயந்திரங்களைத்தான் பார்க்கின்றனர். ஒன்றின் விலை என்ன, இன்னும் எத்தனை வேண்டும் என்று அக்கறையோடு விசாரிக்கின்றனர். அந்த அக்கறைக்காக நன்றி சொல்லுகிறோம். ஆனால் இயந்திரம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும், வியாதியஸ்தரின் கையில் ஊசி ஏற்றத்தக்க ஓர் இரத்தக்குழாய் இல்லையென்றால் அதனால் முழுப் பயன் கிடைக்காது. அந்தக் குழாயை ஆயத்தம் பண்ணுவது ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல. அதைக்குறித்தே இம்முறை விளக்கமாக எழுத விரும்புகிறோம்.

கையில் ஏன் ஓர் அறுவை சிகிச்சை?

சிறுநீரகங்கள் செயலிழந்தவருடைய இரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டியில் செலுத்தி, சுத்தமாக்கித் திரும்ப உடலுக்குள் அனுப்புவதே டயாலிசிஸ். ஒரு முறைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். இயந்திரம் நிமிடத்துக்கு 300 மி.லி. இரத்தத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 மணி நேரத்தில் 72 லிட்டர் அதன் வழியாய் ஓடுகிறது. நம் சரீரத்தில் இருப்பதோ சுமார் 5 லிட்டர் இரத்தம்தான். ஆகவே அதே இரத்தம் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

இவ்வளவு வேகமாய் இரத்தம் எங்கிருந்து கிடைக்கும்? கையில் இரண்டு வகைக் குழாய்கள் உண்டு. இருதயத்திலிருந்து அழுத்தத்தோடு இரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோவது சிரை. இதைத்தான் நம் ஜனங்கள் "நரம்பு" என்கிறார்கள். தமனியில் வேகம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. வாரந்தோறும் அதில் ஊசி குத்துவது ஆபத்து. சிரை தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, ஆனால் அதில் இரத்தம் மெதுவாகத்தான் ஓடும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துத் தைத்துவிட்டால், தமனியின் வேகம் சிரைக்குக் கிடைக்கும். இந்த இணைப்புக்குத்தான் ஃபிஸ்டுலா என்று பெயர். பெரும்பாலும் மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ, வியாதியஸ்தர் குறைவாகப் பயன்படுத்தும் கையில் இதைச் செய்கின்றனர்.

இந்த யோசனை வந்த விதம்

1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், தமனியில் ஒன்றும் சிரையில் ஒன்றுமாக இரண்டு டெஃப்லான் குழாய்களைப் பொருத்தி, அவற்றைக் கைக்கு வெளியே இணைத்து வைத்தார். அதுவரை சில நாட்களுக்கு மட்டும் செய்யக்கூடியதாயிருந்த டயாலிசிஸை வருஷக்கணக்கில் தொடர அது வழி திறந்தது. இந்த முறையில் முதலாவது சிகிச்சை பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர் அதற்குப்பின் 11 வருஷங்கள் வாழ்ந்தார். ஆனாலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயில் இரத்தம் உறைவதும் சீழ்பிடிப்பதும் ஓயாத தொல்லையாயிருந்தன.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் இராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அங்கே பணிபுரிந்த டாக்டர் ஜேம்ஸ் சிமினோ தம் மாணவப் பருவத்தில் இரத்தம் எடுக்கும் வேலை செய்தவர். சிரையில் போதிய ஓட்டம் இருந்தால் ஊசி மாத்திரமே போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் பிரேஷியாவும் அவரும் சேர்ந்து யோசித்தபடி, அறுவை மருத்துவர் கென்னத் அப்பெல் 1965 பிப்ரவரியில் மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்தார். 1966-ல் தங்கள் அனுபவத்தை அவர்கள் வெளியிட்டார்கள். அறுபது வருஷங்கள் சென்றபின்பும், தகுந்த நரம்பு உள்ளவர்களுக்கு இதைவிட நீடித்து உழைக்கும் வழி வேறொன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. பிளாஸ்டிக் எதுவும் சரீரத்துக்குள் வைக்கப்படாததால் தொற்றும் குறைவு.

அவர்கள் செய்த முதல் 14 இணைப்புகளில் 2 வேலை செய்யவில்லை. அன்று சிகிச்சைக்கு வந்தவர்களில் பலர் இளவயதினர். இன்று வருகிறவர்களோ பல வருஷம் சர்க்கரை வியாதியாலும் இரத்தக் கொதிப்பாலும் தமனிகள் கெட்டுப்போனவர்கள். ஆகவே இன்று தோல்வி அதிகம்.

வாய்க்கால் அகலமாக வேண்டும்

அறுவை சிகிச்சை முடிந்த அன்றே ஃபிஸ்டுலாவைப் பயன்படுத்த முடியாது. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் செவிலியர்கள் இப்படி விளக்குவார்கள்: தமனி ஆறு என்றால் சிரை ஒரு சின்ன வாய்க்கால். ஆற்றை வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டால், வாய்க்கால் அகலமாகவும் வேண்டும், கரை பலப்படவும் வேண்டும். அதற்கு முன் மடை திறந்தால் கரை உடையும்.

சரீரத்துக்குள் நடப்பதும் இதுதான். சாதாரணமாக மணிக்கட்டுத் தமனியில் நிமிடத்துக்கு 20 முதல் 30 மி.லி. அளவே இரத்தம் ஓடும். இணைத்தவுடன் அது பல மடங்கு உயரும். இந்த வேகத்தைச் சிரையின் உட்சுவர் உணர்ந்துகொள்ளுகிறது. அங்கே உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுவரும் தடிக்கிறது. இதைத்தான் ஃபிஸ்டுலா பழுப்பது என்கிறோம்.

பழுத்துவிட்டதா என்று பார்க்க, அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2006-ல் எளிதில் நினைவில் நிற்கும் ஓர் அளவைக் கொடுத்தது. 6 வாரங்களில், குழாயின் விட்டம் 6 மி.மீ. இருக்க வேண்டும், அது தோலுக்குக் கீழே 6 மி.மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கக் கூடாது. நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட வேண்டும். இன்று எண்களை மாத்திரம் வைத்து முடிவு செய்வதில்லை. இரண்டு ஊசிகளைத் தொல்லையில்லாமல் ஏற்றி, முழு டயாலிசிஸையும் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா என்பதே முக்கியம். ஆயினும் இந்த "6" கணக்கு இன்னும் நல்ல வழிகாட்டியாக இருக்கிறது.

பழுக்காவிட்டால் என்ன நேரிடும்?

எங்களிடம் வரும் தையல்காரர் ஒருவர், மற்றவர்களுக்கு உதவுமானால் தம்மைப்பற்றி எழுதலாம் என்றார். டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்னே வாந்தி, மூச்சுத்திணறல் என்று இரண்டு மூன்று முறை வேறு இடங்களில் படுத்திருக்கிறார். வலக்கை வேலை செய்கிற கை என்பதால், ஒவ்வொரு முறையும் இடது முன்கையிலேயே டிரிப்ஸ் ஊசி ஏற்றினார்கள். அந்த நரம்புகள் கயிறுபோல் இறுகிப்போயின. அதே இடது மணிக்கட்டில்தான் பிறகு ஃபிஸ்டுலா செய்ய வேண்டியதாயிற்று. மூன்றாவது வாரத்தில் துடிப்பு குறைந்தது. ஆறாவது வாரத்தில் கையில் ஒன்றும் தெரியவில்லை.

அதுவரைக்கும் கழுத்தில் வைத்த குழாய் வழியாகவே அவருக்கு டயாலிசிஸ் நடந்தது. கழுத்துக் குழாய் அவசரத்துக்கு உதவும். ஆனால் அது தோலைத் துளைத்து நேரே பெரிய இரத்தக்குழாய்க்குள் போவதால், கிருமிகளுக்கு அதுவே வாசலாகிறது. ஒரு நாள் டயாலிசிஸ் நடக்கும்போதே அவருக்குக் குளிரும் நடுக்கமும் வந்தது. இரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. பல நாட்கள் வார்டில் இருந்தார். வாடகைக்கு எடுத்திருந்த கடையை விட்டுவிட்டார். "வலது கையிலே செஞ்சுட்டா நான் துணி வெட்டுறது எப்படி ஐயா?" என்பதே அவருடைய பெரிய பயமாயிருந்தது.

டாப்ளர் ஸ்கேன் செய்து பார்த்தபோது, இடது மேற்கையில் நல்ல சிரை ஒன்று மிஞ்சியிருந்தது தெரிந்தது. முழங்கை மடிப்பில் இரண்டாவது ஃபிஸ்டுலா செய்தார்கள். ஒவ்வொரு முறையும் கையை நீட்டி, "சிஸ்டர், ஓடுதா பாருங்க" என்பார். அது பழுத்தது. கழுத்துக் குழாயை எடுத்தாயிற்று. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் இப்போது வீட்டிலேயே தைக்கிறார்.

பழுக்காமல் போவது ஏன்?

காரணங்கள் பல. தமனி மெலிந்தோ சுண்ணாம்பு படிந்தோ இருந்தால் ஆற்றிலேயே தண்ணீர் போதாது. இணைத்த இடத்துக்கு அருகில் சிரையின் உட்சுவர் தடித்துக் குறுகிவிட்டால் வாய்க்காலின் வாய் அடைபடும். சிரையில் பெரிய கிளைகள் இருந்தால் ஓட்டம் பிரிந்துபோகும். சிலருக்குக் குழாய் நன்றாகப் பழுத்தும் ஆழத்தில் இருப்பதால் ஊசிக்கு எட்டாது. முன்பு கழுத்திலோ தோளெலும்பின் கீழோ வைத்த குழாயினால் மார்புக்குள்ளே பெரிய சிரை சுருங்கியிருக்கக்கூடும். இரத்த அழுத்தம் மிகவும் இறங்கினாலும் குழாயில் இரத்தம் உறையும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்கும் இது பழுப்பது கடினம்.

இங்கே ஒரு காரியத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஃபிஸ்டுலா நின்றுபோன நாளில், "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்கிறவர்களின் கட்டிலருகே நாங்கள் நிற்கிறோம். பார்க்க வருகிற சிலர், விசுவாசம் குறைவுபட்டதால் இப்படி ஆயிற்று என்று சொல்லிப் போவதும் உண்டு. அன்பானவர்களே, தயவுசெய்து அப்படிச் சொல்லாதிருங்கள். 2008-ல் அமெரிக்காவில் வெளியான, 877 பேரைக்கொண்ட பெரிய ஆய்வில், புதிதாகச் செய்த ஃபிஸ்டுலாக்களில் ஏறக்குறைய 60 சதவீதம் சில மாதங்களுக்குள் டயாலிசிஸுக்குத் தகுந்தவையாக ஆகவில்லை. எல்லா வசதியும் உள்ள தேசத்தின் நிலைமையே இது. வியாதியஸ்தரின் மனதில் குற்றவுணர்வை ஏற்றுவது, இருக்கிற பாரத்தோடு இன்னொன்றைக் கூட்டுவதாகும்.

எதனால் பயன் உண்டு?

மாத்திரையால் இதைச் சரிசெய்யலாமா என்று பலர் கேட்கின்றனர். மேலே சொன்ன ஆய்வு க்ளோபிடோக்ரெல் என்ற இரத்தம் உறையாமைக்கான மருந்தைப்பற்றியது. அதைச் சாப்பிட்டவர்களில் ஆரம்பத்தில் இரத்தம் உறைவது 100-க்கு 19.5 பேரிலிருந்து 12.2 பேராகக் குறைந்தது. ஆனால் பழுத்த ஃபிஸ்டுலாக்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, மலேசியா ஆகிய இடங்களில் மீன் எண்ணெயையும் ஆஸ்பிரினையும் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்விலும் எதிர்பார்த்த பலன் இல்லை. அடைப்பைத் தடுப்பது ஒன்று, வாய்க்காலை அகலமாக்குவது வேறொன்று. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வாங்கிச் சாப்பிடவேண்டாம். உண்மையில் உதவி செய்பவை வேறு சில.

முதலாவது, நரம்புகளை முன்னதாகவே காப்பது. கிரியேட்டினின் ஏறத் தொடங்கியவர்களுக்கு முன்கையில் டிரிப்ஸ் ஏற்றாமல், இரத்தம் எடுக்காமல், கூடியவரை புறங்கை நரம்புகளையே பயன்படுத்த வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. "இந்தக் கையில் ஊசி வேண்டாம்" என்று சொல்ல வியாதியஸ்தருக்குத் தைரியமும், அதைக் கேட்க ஊழியர்களுக்குப் பொறுமையும் வேண்டும்.

இரண்டாவது, சரியான காலம். டயாலிசிஸ் தேவைப்படும் என்று தெரிந்தவுடன், சில மாதங்கள் முந்தியே ஃபிஸ்டுலா செய்துகொண்டால் கழுத்துக் குழாயே வேண்டியதில்லை. ஆனால் பலர் மூச்சு முட்டும் நிலையில்தான் முதன்முறையாக வருகின்றனர்.

மூன்றாவது, அறுவைக்கு முன் டாப்ளர் ஸ்கேன். தமனி 2 மி.மீ., சிரை 2 முதல் 2.5 மி.மீ. அளவாவது இருந்தால் நம்பிக்கையோடு தொடங்கலாம் என்பது பொதுவான வழக்கம். எந்தக் கை, எந்த இடம் என்று முன்பே தெரிந்தால் வீண் அறுவையைத் தவிர்க்கலாம். மயக்க மருந்து கொடுக்கும் முறைகூடச் சில வேளை உதவுகிறது. கிளாஸ்கோவில் 126 பேரைக்கொண்டு நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், வெட்டும் இடத்தை மட்டும் மரக்கச் செய்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு 3 மாதத்துக்குப்பின் ஃபிஸ்டுலா ஓடியது. கை முழுவதையும் மரக்கச் செய்தவர்களில் அது 84 சதவீதமாயிருந்தது. அப்படி மரக்கச் செய்யும்போது இரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன.

நான்காவதும் மிக முக்கியமானதும், 4 முதல் 6 வாரங்களுக்குள் ஒரு பரிசோதனை. நன்றாகப் பழுக்கப்போகிற ஃபிஸ்டுலாவில் பெரும்பகுதி மாற்றம் முதல் மாதத்திலேயே நடந்துவிடும். அதற்குள் வளராதது, சும்மா காத்திருப்பதால் வளர்வது அரிது. குறுகிய இடத்தைப் பலூன் மூலம் விரிக்கலாம். ஓட்டத்தைப் பிரிக்கும் கிளையைக் கட்டிவிடலாம். ஆழத்தில் உள்ளதை மேலே தூக்கி வைக்கலாம். ஆனால் நேரம் தப்பினால் இவையும் உதவாது.

இந்தப் பரிசோதனைக்குப் பெரிய இயந்திரம் எப்போதும் தேவை என்று எண்ணவேண்டாம். 2002-ல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள டயாலிசிஸ் செவிலியர்கள் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் எது பழுக்கும், எது பழுக்காது என்பதை 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கையை உயரத் தூக்கினால் குழாய் தளர்கிறதா, மேலே அழுத்தினால் கீழே துடிப்பு பலமாகிறதா, விர்ரென்ற அதிர்வு எதுவரைக்கும் போகிறது என்று அவர்கள் பார்க்கிறார்கள். தேர்ந்த செவிலியரின் விரல்கள் எங்களுக்கு ஒரு விலையேறப்பெற்ற கருவி.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஃபிஸ்டுலா உள்ளவர்கள் உங்கள் குடும்பத்திலோ சபையிலோ இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.

1. தினமும் காலையிலும் இரவிலும் ஃபிஸ்டுலாவின்மேல் விரல் வைத்துப் பாருங்கள். விர்ரென்ற அதிர்வு இருக்க வேண்டும். அது நின்றுபோனால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.

2. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவும், இரத்தம் எடுக்கவும், ஊசி போடவும் இடங்கொடாதீர்கள்.

3. இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், கயிறு, இறுகப் பிடிக்கும் ரவிக்கைக் கை ஆகியவை வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்காதீர்கள். தண்ணீர்க் குடத்தை அந்தக் கையால் தூக்காதீர்கள்.

4. காயம் ஆறியபின் மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து கைக்குப் பயிற்சி கொடுங்கள். ரப்பர் பந்தை அழுத்துவதோடு, முழங்கையை மடக்கி நீட்டிக் கை முழுவதும் வேலை செய்யும்படி பாருங்கள்.

5. சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல், விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுப்போவது ஆகிய எதைக் கண்டாலும் உடனே தெரிவியுங்கள். இரத்தம் கசிந்தால் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்திக்கொண்டு வாருங்கள்.

சபையார் செய்யக்கூடியவை

மத்திய அரசு 2016-ல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் மூலமும், தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் மூலமும் ஏழைகள் பலருக்கு இன்று டயாலிசிஸ் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. இது பெரிய உதவி. ஆனால் ஃபிஸ்டுலா பழுக்கிறதா என்று பார்க்க ஒரு முறை வந்துபோக, கூலிவேலை செய்கிறவருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் போகின்றன. துணைக்கு வருகிறவருக்கும் அப்படியே. அறுவைக்குப்பின் வராமல் இருந்துவிட்டு, துடிப்பு நின்றபின் வருகிறவர்களில் அநேகருக்கு இதுவே காரணம். ஆறாவது வாரம் அவர்களைக் கூட்டிவருவதற்கும், வர முடியாதவர்களைச் செவிலியர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதற்கும் ஆகும் செலவை யாராவது தாங்க வேண்டியிருக்கிறது.

இயந்திரம் வாங்கக் கொடுத்தால் அதன்மேல் கொடுத்தவரின் பெயரைப் பொறிக்கலாம். பஸ் கட்டணத்தின்மேல் பெயர் பொறிக்க முடியாது. ஆனாலும் இந்த ஆண்டு உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை இந்தப் போக்குவரத்துச் செலவுக்கும், செவிலியர்களின் பயிற்சிக்கும், அறுவைக்கு முன் செய்யும் டாப்ளர் ஸ்கேனுக்கும் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

பணமில்லாமல் செய்யக்கூடிய உதவியும் உண்டு. உங்கள் சபையில் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரையும் கிரியேட்டினினையும் பரிசோதித்துக்கொள்ள நினைப்பூட்டுங்கள். கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்று அறிந்தவர்கள் பயந்து ஒளிக்காமல் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கும்படி அவர்களோடு துணையாய்ப் போங்கள். அவர்கள் குறைவாகப் பயன்படுத்தும் கையில் ஊசி வேண்டாமென்று அன்றைக்கே சொல்லிக்கொடுங்கள்.

ஃபிஸ்டுலா செய்துகொண்டு ஆறு வாரம் முடிவதற்காகக் காத்திருக்கிறவர்களையும், இரண்டாம் முறை, மூன்றாம் முறை முயற்சி செய்கிறவர்களையும், அவர்களுடைய கைகளைத் தினமும் தொட்டுப் பார்க்கும் எங்கள் செவிலியர்களையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் பிரிவைப் பார்க்க எப்போதும்போல வாருங்கள். அடுத்த முறை வரும்போது இயந்திரங்களைப் பார்த்தபின், வியாதியஸ்தர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய ஃபிஸ்டுலாவின்மேல் மெதுவாக விரலை வைத்துப் பாருங்கள். அந்த அதிர்வை உணர்ந்தால், நாங்கள் எதற்காக இவ்வளவு எழுதினோம் என்பது உங்களுக்கு விளங்கும்.


மருத்துவமனை ஆலய ஊழியர்